டெல்டாவுல இருந்துகிட்டே அக்வாடின்ட், ட்ரைபாயின்ட் பிரின்ட் போடுறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கேன்வாஸ்ல, பேப்பர்ல அப்ஸ்ட்ராக்ட் வரைஞ்சு பழகிட்டு, ஒரு தடவ தாமிரத் தகட்டுல இறங்கிப் பாக்கலாமேன்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் கும்பகோணம் பக்கம். வீடியோல பாக்குறது எல்லாம் வெளிநாட்டு ஸ்டுடியோ, அவங்க சொல்ற பேரைச் சொல்லி இங்க கடையில கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, ஆன்லைன்ல போட்டா பொருள் விலைய விட கூரியர் சார்ஜ் ஜாஸ்தி, கெமிக்கல்னா பாதி கூரியர்காரங்க எடுக்கவே மாட்டாங்க. அலைஞ்சு திரிஞ்சு பாத்ததுல முக்கால்வாசி சாமான் பாத்திரக் கடை, உரக்கடை, மெடிக்கல் ஷாப், லேத் பட்டறைன்னு நம்ம ஊர்லயே கிடக்குது. வெளிய போய் வாங்க வேண்டியது பேப்பரும் மையும்தான்.

ரெண்டு டெக்னிக்கையும் சுருக்கமா சொல்லிடுறேன். அக்வாடின்ட்ல தகட்டு மேல பொடிப் பொடியா பிசின ஒட்ட வெச்சு, பிசின் இல்லாத இடத்த மட்டும் கெமிக்கல் அரிக்கிற மாதிரி செய்வோம், அந்தப் பள்ளத்துல மை தங்கி வாட்டர்கலர் வாஷ் மாதிரி ஒரு டோன் கிடைக்கும். ட்ரைபாயின்ட்ல கெமிக்கலே கிடையாது, கூரான ஊசிய வெச்சு நேரா தகட்டுல கீறுறதுதான், கீறின ஓரத்துல எழும்புற உலோகப் பிசிருல மை பிடிச்சு கோடு கொஞ்சம் மங்கலா, வெல்வெட் மாதிரி விழும். டோனுக்கு அது, கோட்டுக்கு இது. ரிச்சர்ட் டீபன்கார்ன்னு ஒரு அமெரிக்க ஓவியர், 1986ல கிரவுன் பாயின்ட் பிரஸ்ங்கிற பிரின்ட் ஸ்டுடியோல போட்ட ‘கிரீன்’ங்கிற பிரின்ட்ட நெட்ல தேடிப் பாருங்க, அக்வாடின்ட் டோனும் ட்ரைபாயின்ட் கோடும் ஒரே பரப்புல எப்படி ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு உக்காந்திருக்குன்னு தெரியும். நம்ம பக்கத்துல தேவகோட்டைல பிறந்த ஆர்.எம்.பழனியப்பன் அப்ஸ்ட்ராக்ட் பிரின்ட்ல பெரிய பேரு, அவர் வேலைகளையும் கண்டிப்பா பாருங்க.

1. பிரஸ் எங்கன்னு முடிவு பண்ணிட்டு மத்தது வாங்குங்க

நிறைய பேரு தகடு, ஊசி, மை எல்லாம் வாங்கி வெச்சுட்டு கடைசியில பிரஸ் (தகட்டையும் பேப்பரையும் சேத்து ரோலர்ல அழுத்தி பிரின்ட் எடுக்குற மெஷின்) இல்லாம நிப்பாங்க. ஸ்பூனால தேய்ச்சு எடுக்கலாம்னு சில வீடியோல காட்டுவாங்க, மேல்பரப்புல மை தடவுற லினோவுக்கு அது சரிப்படும், பள்ளத்துல கிடக்கிற மைய பேப்பருக்கு இழுக்க அந்த அழுத்தம் காணவே காணாது.

வழி மூணு. கும்பகோணத்துல அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு, அங்க படிச்சவங்க, படிக்கிறவங்க யாரையாவது பழக்கம் பிடிச்சு மொதல்ல ஒரு பிரஸ் ஓடுறத நேர்ல பாருங்க. ரெண்டாவது, சென்னை கிரீம்ஸ் ரோட்ல லலித் கலா அகாடமி மண்டல மையம், அங்க கிராபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கு. உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில சென்னை, எழும்பூர்ல இருந்து அந்த மையம் கிட்டத்தான். ஆனா போன் பண்ணிக் கேக்காம போயிடாதீங்க, இடம் காலியா இருக்கா, கட்டணம் என்ன, எந்தெந்த நாள் வேலை செய்யலாம்னு கேட்டுக்கிட்டு, ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு பக்க பயோடேட்டா, உங்க வேலைகள்ல ஏழெட்டு பிரின்ட்அவுட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுக் கொண்டு போங்க. ஒரு பேப்பர் குறைஞ்சாலும் ரயில் காசு தண்டம்.

மூணாவது, லேத் பட்டறைல சொல்லி அடிக்கிறது. நம்ம பக்கம் ரைஸ் மில் வேலை, டிராக்டர் வேலை பாக்குற பட்டறை ஏகப்பட்டது இருக்கு, அவங்களுக்கு ரோலர் கடையிறது ஒரு விஷயமே கிடையாது. மேல ஒரு ரோலர், கீழ ஒரு ரோலர், நடுவுல ஓடுற ஒரு பிளேட், ரெண்டு பக்கமும் அழுத்தம் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ, சுத்த ஒரு வீல், மொத்தமே அவ்வளவுதான். ஒரு அடி அகலத்துக்கு டேபிள் மேல வைக்கிற சைஸ்ல எனக்கு ஆனது 35,000 ரூபாய் சுமாருக்கு, இரும்பு விலையப் பொறுத்து உங்களுக்கு மாறும். பட்டறைக்காரர்கிட்ட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மேல் ரோலர் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே அளவா இருக்கணும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரோலருக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு நியூஸ்பேப்பர் துண்டு வெச்சு இறுக்கி, ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. ஒண்ணு வழுக்கிட்டு வந்துச்சுன்னா கடைசல் சரியில்ல, திருப்பிக் குடுங்க. அப்புறம் பேப்பர் மேல போட ஃபெல்ட் வேணும், கெட்டியான கம்பளி ஃபெல்ட் ரெண்டு மூணு அடுக்கு. ரெக்சின் கடை ஃபெல்ட் மெத்து மெத்துன்னு இருக்கும், ரெண்டு மாசத்துல சப்பையாயிடும்.

2. தகடு

கும்பகோணம் பெரிய கடைத் தெரு பாத்திரக் கடைகள்ல தாமிரத் தகடு எடைக்குத்தான் தருவாங்க. மில்லிமீட்டர்னு கேக்காதீங்க, கேஜ்னு கேளுங்க. 20 கேஜ்னா கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ்னா 1.2. ஆரம்பத்துக்கு 15க்கு 20 சென்டிமீட்டர் சைஸ் தாராளம். 20 கேஜ்ல அந்த சைஸ் 240 கிராம் சுமாருக்கு வரும், 18ல 325 கிராம். தாமிரம் கிலோ ஆயிரத்தத் தாண்டிதான் ஓடுது, விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அதனால ஒரு தகடு சுமாரா 250, 350 ரூபான்னு கணக்கு வெச்சுக்கங்க, வெட்டுக் கூலி தனி. பாத்திரத்துக்குன்னு மெதுவாக்கின தகட தள்ளிட்டு, விறைப்பா இருக்கறத எடுங்க, மெதுத் தகட்டுல ட்ரைபாயின்ட் பிசிரு சீக்கிரம் படுத்துடும்.

பார்சல் பண்ணும்போது தகட்டுக்கு தகடு நடுவுல நியூஸ்பேப்பர் வெக்கச் சொல்லுங்க. கடைப் பையன் ஒண்ணு மேல ஒண்ணு சரட்டுனு இழுத்துப் போடுவான், அந்த கீறல் அத்தனையும் பிரின்ட்ல கோடா வந்து நிக்கும், வீட்டுக்கு வந்து வாட்டர் பேப்பர் 400, 800, 1200னு தேய்ச்சுத் தேய்ச்சு தோள்பட்டை போயிடும்.

தகட்டோட நாலு ஓரத்தையும் அரம் போட்டு சரிவா தேய்ச்சு, மூலைய லேசா உருட்டிடணும். இத விட்டீங்கன்னா பேப்பர் கிழியறது மட்டுமா, ஃபெல்ட்டும் சேர்ந்து வெட்டுப்படும்.

தாமிரத்துக்கு இப்ப காசு இல்லன்னா ட்ரைபாயின்ட மட்டும் அக்ரிலிக் ஷீட்லயே பழகலாம், போர்டு எழுதுற கடைங்கள்ல வெட்டின துண்டு சல்லிசா கிடைக்கும். டோனுக்கு அலுமினியம் தகடு இருக்கு, அதே சைஸ் 1 மில்லிமீட்டர் கனத்துல 80 கிராம்தான் எடை. அலுமினியத்துக்கு கெமிக்கலே வேற, அது அடுத்ததுல வருது.

3. கெமிக்கல், அதுக்கான ஐடி புரூஃப்

பழைய புத்தகம் எல்லாத்துலயும் நைட்ரிக் ஆசிட்னு இருக்கும். வீட்ல வெச்சு அது வேண்டாம்னுதான் சொல்லுவேன், அந்தப் புகை நுரையீரல காலி பண்ணிடும். வாங்குறதும் லேசில்ல, 2013ல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி கடைக்காரர் ரிஜிஸ்டர்ல உங்க விவரத்த எழுதணும், நீங்க முகவரியோட இருக்கிற அரசாங்க போட்டோ ஐடி காட்டணும், எதுக்குன்னு காரணம் சொல்லணும், 18 வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாது. ஐடி கேக்காம ஒருத்தர் குடுக்குறார்னா அந்தக் கடைய விட்டு நகர்ந்துடுங்க.

தாமிரத்துக்கு பெரிக் குளோரைடு போதும். சர்க்யூட் போர்டு பண்றதுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைல விப்பாங்களே அதேதான், தஞ்சாவூர், திருச்சி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைல கேளுங்க. மஞ்சக் கட்டியா வரும். 1 லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோன்னு நான் கலக்குறேன். எப்பவும் தண்ணிய மொதல்ல ஊத்தி, அதுக்குள்ள கட்டிய கொஞ்சம் கொஞ்சமா போடணும், கட்டி மேல தண்ணி ஊத்தினா சூடாகித் தெறிக்கும். கிளவுஸ், கண்ணாடி ரெண்டும் போட்டே ஆகணும். பிளாஸ்டிக் ட்ரே மட்டும்தான், எவர்சில்வர் பக்கமே கொண்டு போகாதீங்க, அதையும் அரிச்சுடும். சட்டையிலயோ மொசைக் தரையிலயோ பட்டா காவிக்கறை, சாகுற வரைக்கும் போகாது. வாடகை வீடுன்னா தார்ப்பாய் விரிச்சுட்டு ஆரம்பிங்க, இல்லாட்டி அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவாங்க.

அலுமினியத்துக்கும் துத்தநாகத் தகட்டுக்கும் மயில்துத்தம். வெத்தலைக் கொடிக்கால்காரங்க போர்டோ கலவை போட வாங்குவாங்கல்ல, அதே சரக்குதான், உரக்கடைல கிடைக்கும். 1 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் மயில்துத்தம், 50 கிராம் சாதா உப்பு. தகட உள்ள விட்டதும் சிவப்பா தாமிரத் தூள் மேல படியும், அத மெதுவான பிரஷ்ஷால தள்ளிக்கிட்டே இருக்கணும், நீலம் வெளுத்துப் போச்சுன்னா கரைசல் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். இதுல ஹைட்ரஜன் குமிழி வரும், அதனால அடுப்படி வேண்டாம், காத்தோட்டமா திண்ணையிலயோ மொட்டை மாடியிலயோ வெச்சுக்கங்க. ஒரு லாபம் என்னன்னா, அலுமினியத்த பிசினே போடாம சும்மா அரிக்க விட்டாலே சொரசொரன்னு ஒரு டோன் வந்துடும், அப்ஸ்ட்ராக்டுக்கு அது நல்லாவே இருக்கு.

மறந்துடக் கூடாத ஒண்ணு: பெரிக் குளோரைடுக்குள்ள அலுமினியத்தப் போட்டுடாதீங்க. கொதிச்சுப் பொங்கும். ரெண்டு கரைசலுக்கும் வேற வேற கேன், பேரை பெருசா எழுதி ஒட்டி, குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. வாட்டர் பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.

4. தகட்டுல எண்ணெய்ப் பசை போக்குறது

புளியும் உப்பும் போட்டு செம்புக் குடத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்ங்க, கருப்பு எல்லாம் போயிடும். அப்புறம் சாக்பீஸ் பொடில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி விட்டு குழைச்சு இன்னொரு தடவ. கழுவிட்டு தகடச் சாய்ச்சுப் பிடிங்க. தண்ணி ஒரே படலமா நின்னா சுத்தம், முத்து முத்தா திரண்டு ஓடினா இன்னும் பசை இருக்கு. அதுக்கப்புறம் ஓரத்துல மட்டும் பிடிங்க, விரல் ரேகை பட்ட இடத்துல ரேகையே அச்சாகும். பிசின் உருக்கி தகடு ஆறினதும், அரிக்க விடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் முழுக்க பார்சல் டேப் ஒட்டிடுங்க, இல்லாட்டி பின்னாடியும் அரிச்சு கரைசல் வீணாகும்.

5. டெஸ்ட் தகடு

இத தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுங்கும். தாண்டாதீங்க.

அப்ஸ்ட்ராக்ட்தானே, எப்படி வந்தாலும் ஓகேன்னு ஒரு நினைப்பு இருக்கு. நேர்மாறு. ஒரு முகம் வரைஞ்ச பிரின்ட்ல டோன் கொஞ்சம் திட்டுத் திட்டா இருந்தாலும் பாக்குறவங்க கண்ணு முகத்துக்குப் போயிடும். நீங்க வெறும் மூணு சதுரமும் ஒரு கோடும் வெச்சிருக்கீங்க, அங்க டோன விட்டா பாக்க வேற ஒண்ணுமில்ல, ஒரு சின்ன திட்டு கூட துருத்திக்கிட்டு நிக்கும். அதனால உங்க கரைசல்ல எத்தனை நிமிஷத்துக்கு எவ்வளவு கருப்பு வருதுன்னு கையில ஒரு அளவு இருந்தே ஆகணும்.

ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு தகட்டுத் துண்டு எடுங்க. அடுத்ததுல சொல்ற மாதிரி பிசின் போட்டு உருக்குங்க. ஒரு ஓரத்துல கொஞ்சம் இடத்த அரக்கு வார்னிஷால மறைச்சுடுங்க, அது வெள்ளை. கார்பென்டருங்க பாலிஷ் போடுற அவலரக்க ஸ்பிரிட்ல கரைச்சதுதான் அந்த வார்னிஷ், பெயின்ட் கடையில கிடைக்கும். இப்ப 15 செகண்ட் அரிக்க விட்டு, கழுவி, காய வெச்சு, அடுத்த பட்டைய மறைங்க. அப்புறம் மொத்தம் 30 செகண்ட், 1 நிமிஷம், 2, 4, 8, 16னு ஒவ்வொரு தடவையும் இரட்டிச்சுக்கிட்டே போங்க. முடிச்சு பிரின்ட் எடுத்தா வெளிர் சாம்பல்ல இருந்து கரி வரைக்கும் ஒரு ஏணி கிடைக்கும். அதுல தேதி, வெயிலா மழையா, கரைசல் புதுசா பழசா எல்லாம் பென்சில்ல எழுதி சுவத்துல ஒட்டி வைங்க. சித்திரை வெயில்ல கரைசல் சூடா இருந்தா சீக்கிரம் அரிக்கும், மார்கழிக் காலையில அதே டோனுக்கு நேரம் கூட எடுக்கும். சித்திரைல போட்ட ஏணிய மார்கழில நம்பிடாதீங்க.

6. பிசின் போடுறது, உருக்குறது

வேணும்ங்கிறது ரோசின். வயலின் வில்லுக்குத் தேய்ப்பாங்களே, சால்டரிங் பண்றவங்க ஃபிளக்ஸா வெச்சிருப்பாங்களே, அதுதான். நாட்டு மருந்துக் கடைல கேட்டா குங்கிலியத்த எடுத்துக் குடுப்பாங்க, சுவாமிமலை ஸ்தபதிங்க மெழுகுல கலக்குறதும் அதுதான், ஆனா அது வேற பிசின், இங்க சொல்ற கணக்கு எதுவும் அதுக்குப் பொருந்தாது. எலக்ட்ரானிக்ஸ் கடைல பெரிக் குளோரைடு வாங்கும்போதே ரோசின் கட்டியும் கேட்டுடுங்க.

கட்டிய இடிச்சு, துணில சலிச்சு மாவாக்குங்க. பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி கிடைச்சா அதுல கீழ தகடு நுழையிற அளவுக்கு ஒரு கதவு வெட்டிக்கங்க. பொடிய உள்ள போட்டு பெட்டிய நல்லா குலுக்கி, சில செகண்ட் விட்டா பெரிய துகள் எல்லாம் இறங்கிடும், அப்புறம் தகட உள்ள தள்ளி கதவ மூடி அஞ்சு நிமிஷம் கம்முனு இருங்க. வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பாதி தகடு பொடி, பாதி தாமிரம் தெரியணும். கம்மியா விழுந்திருந்தா தகடு அப்படியே பள்ளமாகி டோன் வராது, ஜாஸ்தின்னா அரிக்கவே விடாது.

ஃபேன நிறுத்திட்டுதான் இதெல்லாம். நம்ம ஊர் புழுக்கத்துல ஃபேன் இல்லாம நின்னா நெத்தி வேர்வை சொட்டும், அந்த ஒரு சொட்டு தகட்டுல விழுந்தா வட்டமா ஒரு பொட்டு உக்காந்துடும், தலையில துண்டு கட்டிக்கங்க. காலையில அஞ்சரை ஆறு மணிதான் தோதான நேரம். ஐப்பசி, கார்த்திகைல காத்துல ஈரம் ஏறி பொடி கட்டி கட்டியா சேந்துக்கும், அந்த ரெண்டு மாசம் ரோசின் பக்கம் போகாம ட்ரைபாயின்ட் பழகுங்க.

N95 மாஸ்க் கட்டாயம், ரோசின் தூசி ஆஸ்துமாவ இழுத்து விடும். தூசி பறக்குற இடத்துல நெருப்பு கூடவே கூடாது, குப்புனு பத்திக்கும். பெட்டி ஒரு ரூம்ல, அடுப்பு வேற ரூம்ல.

உருக்குறதுக்கு தகட ஒரு கம்பி வலை மேல வெச்சு, அடில இருந்து சின்னத் தீயில எல்லா இடமும் படுற மாதிரி நகர்த்திக்கிட்டே காட்டுங்க. இந்த இடத்துல கண்ண எடுக்காதீங்க. வெள்ளையா மாவு மாதிரி இருந்த பொடி, சூடு ஏறினதும் ஒரு ஓரத்துல இருந்து மாயமா மறையிற மாதிரி தெரியும், மறையல, கண்ணாடி மாதிரி ஆகி தாமிரத்தோட ஒட்டிக்கிச்சு. அந்த மாற்றம் ஒரு அலையா தகட்டு மேல நகரும், அலைக்கு முன்னாடியே தீயக் கொண்டு போய்க்கிட்டே இருந்து, மறு ஓரத்துக்கு வந்த நொடி எடுத்துடணும். நாலு செகண்ட் கூட விட்டா துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓடிச் சேந்து வார்னிஷ் ஆயிடும், அப்புறம் ஸ்பிரிட் போட்டு அழிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து.

இவ்வளவு மெனக்கெட முடியாதுன்னா கார், பைக்குக்கு அடிக்கிற ஸ்பிரே பெயின்ட்ட தூரத்துல இருந்து பூந்தூறலா அடிச்சு காய விடுங்க, அந்தப் புள்ளிகளும் பிசின் வேலையச் செய்யும். ரோசின் அளவுக்கு மென்மையான டோன் வராது, ஆனா மழைக் காலத்துலயும் செய்யலாம்.

7. அரிக்க விடுறது

வெள்ளையா நிக்க வேண்டிய இடத்த அரக்கால மறைங்க, உள்ள விடுங்க, ஏணியப் பாத்து நேரம் ஆனதும் எடுங்க, கழுவுங்க, காய வைங்க, அடுத்த டோன மறைங்க. வெளிர்ல இருந்து கருப்புக்குத்தான் போகணும். பெரிக் குளோரைடுல அடில மண்டி சேரும், தகட மேல பாக்க வெச்சா அந்த மண்டி பள்ளத்துலயே உக்காந்து அரிப்பத் தடுக்கும், அதனால நெட்டுக்குத்தா நிக்கிற டப்பா வெச்சுக்கங்க, இல்ல நாலு மூலைக்கு சின்னக் கட்டை குடுத்து கவுத்துப் போடுங்க.

கூர்மையான ஓரம் வேண்டாம், பிரஷ் ஓடின மாதிரியே வேணும்னு நினைக்கிற ஓவியர்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பிசின் போட்ட தகட்டு மேல நேரடியா பெரிக் குளோரைட பிரஷ்ஷால இழுக்குறது, ஓரம் கரைஞ்ச மாதிரி டோன் வரும், பிரஷ் சீக்கிரம் செத்துடும், மட்டமான நைலான் பிரஷ் போதும். இன்னொண்ணு சர்க்கரைப் பாகு முறை. கெட்டிப் பாகுல கருப்பு இங்க் கலந்து வரைஞ்சு, மேல வார்னிஷ மெல்லிசா பூசிக் காய வெச்சு, வெந்நில விட்டா பாகு கரைஞ்சு மேல இருக்குற வார்னிஷையும் தூக்கிட்டுப் போயிடும், நீங்க வரைஞ்ச இடம் மட்டும் திறந்துக்கும். இதுல பிசின் மொதல்லயே போட்டு உருக்கியிருந்தா அரக்குல இருக்குற ஸ்பிரிட் அதக் கரைச்சுடும், அதனால பாகு தூக்கி முடிச்ச பிறகு பிசின் போடுங்க. மழைக் காலத்துல பாகு காயாம பிசுபிசுன்னு எறும்ப கூப்பிடும், அதையும் நினைப்புல வெச்சுக்கங்க.

டோன் கருப்பு ஜாஸ்தியாயிட்டா கவலப்படாதீங்க. பழைய முக்கோண அரத்தோட பல்ல சாணையில தேய்ச்சு எடுத்துட்டா அருமையான சுரண்டி. சுரண்டி, வழவழப்பான எவர்சில்வர் ஸ்பூன் முதுகுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ச்சா அந்த இடம் வெளிறிக்கிட்டே வரும். தட்டான்களோட பாலிஷ் கல்லு ஒண்ணு கிடைச்சா இன்னும் நல்லது. ரோசினையும் அரக்கையும் அழிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெடிக்கல் ஷாப்புலயோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலயோ வாங்கலாம்.

8. ட்ரைபாயின்ட் கடைசியாத்தான்

டோன் எல்லாம் முடிஞ்சு, தகட சுத்தமா துடைச்சு, ஒரு டெஸ்ட் பிரின்ட் எடுத்துப் பாத்துட்டு அப்புறம் ஊசிய எடுங்க. முன்னாடியே கீறிட்டீங்கன்னா பிசிர கெமிக்கல் தின்னுடும், சுத்தம் பண்ற தேய்ப்புல மிச்சமும் போயிடும்.

ஊசிக்கு ஆன்லைன்ல ஆயிரக் கணக்குல கேக்குறான். நெல்லு மூட்டை தைக்கிற கோணி ஊசிய வாங்கி சாணைல வட்டக் கூரா தீட்டி, மரப்பிடி போட்டுக்கங்க, தாமிரத்துக்கு அது தாங்கும், நடுநடுவுல தீட்டிக்கணும். ஊசிய நெட்டுக்குத்தா பிடிச்சா பிசிரு ரெண்டு பக்கமும் கொஞ்சமா எழும்பி கோடு மெல்லிசா இருக்கும், 60 டிகிரிக்குச் சாய்ச்சா ஒரு பக்கமா நல்லா எழும்பி வெல்வெட் வரும், ரொம்பச் சாய்ச்சா பிசிரு ஒடிஞ்சுடும். ஒரு விரலால லேசா தடவிப் பாருங்க, கோட்டோட ஒரு ஓரம் மட்டும் சொரசொரன்னு தட்டுப்படும், அங்கதான் மை பிடிக்கும். இங்க கை வழுக்குச்சுன்னா அழிக்கிற வேலை பெருசு, அவசரப்படாதீங்க. எல்லாமே பிரின்ட்ல இடம் வலமா திரும்பி விழும்ங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும், டிசைன கண்ணாடில காட்டிப் பாத்துட்டுக் கீறுங்க.

இந்தப் பிசிரு ஒவ்வொரு தடவ பிரஸ்ல போகும்போதும் நசுங்கும். தாமிரத்துல நல்ல பிரின்ட் பத்துல இருந்து இருபதுக்குள்ளதான், அலுமினியம், அக்ரிலிக்ல அதவிடக் கம்மி. எடிஷன் (ஒரே தகட்டுல இருந்து நம்பர் போட்டு எடுக்குற மொத்தப் பிரதி) எத்தனைன்னு முடிவு பண்ணும்போது இதக் கணக்குல எடுங்க, அம்பது பிரின்ட் தரேன்னு யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க.

9. பேப்பர்

காச இங்க போடுங்க. காட்டன் பேப்பர், 250ல இருந்து 300 ஜிஎஸ்எம். ஹானமூலே, சாமர்செட் மாதிரி வெளிநாட்டுப் பேப்பர்னா 56க்கு 76 சென்டிமீட்டர் ஷீட் ஒண்ணு சில நூறு ரூபா, அத நாலாக்கினா ஒரு துண்டு 28க்கு 38, மேல சொன்ன தகட்டுக்கு நாலு பக்கமும் நல்ல மார்ஜின் நிக்கும். பாண்டிச்சேரில ஆசிரமத்து ஹேண்ட்மேட் பேப்பர் பக்கத்துலதான், அதுல பழகிட்டு வெளிநாட்டுக்குப் போகலாம், வாங்கும்போது ஒரு துண்ட நனைச்சுப் பாக்கக் கேளுங்க, பூ இதழெல்லாம் வெச்சது இந்த வேலைக்கு ஆகாது.

பேப்பர நனைச்சு, மிச்சத் தண்ணிய ஒத்தி எடுத்துட்டு, பிளாஸ்டிக் ஷீட்டுக்குள்ள ராத்திரி முழுக்க சுத்தி வெச்சா ஈரம் ஒரே சீரா பரவும். தொட்டா குளுமையா இருக்கணும், மேல தண்ணி மினுமினுக்கக் கூடாது. போர் தண்ணில இரும்பு இருக்குற ஊர்ல கேன் தண்ணி வாங்கிக்கங்க, இல்லாட்டி பேப்பர் நாளாவட்டத்துல மஞ்சளாகும். அடைமழைக் காலத்துல ஈரப் பேப்பர ரெண்டு நாளைக்கு மேல சுத்தி வெச்சா பூஞ்சை பிடிச்சு கருப்புப் புள்ளி விழும், அன்னன்னிக்கு வேணும்ங்கிறத மட்டும் நனைங்க.

10. மை, துடைப்பு, பிரஸ்

எச்சிங் மைன்னே தனியா இருக்கு, சார்பானெல் மாதிரி, ஒரு சின்ன டியூப் கருப்பு ரொம்ப நாளைக்கு வரும். ஆஃப்செட் பிரஸ்ல கேட்டு வாங்குற மை பழகறதுக்கு ஓடும், டோன் கொஞ்சம் கொழகொழன்னு வரும்.

மைய அட்டைத் துண்டால தகடு முழுக்கத் தள்ளி பள்ளத்துல ஏத்துங்க. துடைக்க வெளிநாட்டுல விறைப்பான வலைத்துணி வெச்சிருப்பாங்க, நமக்கு மெடிக்கல் ஷாப் கட்டுத்துணிய சோத்துக் கஞ்சில முக்கிக் காய வெச்சு, கையில கசக்கி மடிச்சுக்கிட்டா போதும். வட்ட வட்டமா, மேலோட்டமா துடைங்க, அழுத்தினா பள்ளத்துல இருக்குற மையும் வந்துடும். கடைசியா டெலிபோன் டைரக்டரி தாள் மாதிரி மெல்லிசு பேப்பர உள்ளங்கைக்கு அடில வெச்சு ஒரு ஓட்டு. ட்ரைபாயின்ட் இருக்குற இடத்துல கோடு போற திசையிலயே துடைங்க, குறுக்க இழுத்தா பிசிரு துணில மாட்டும். ஓரச் சரிவ சுத்தமா துடைக்காட்டி பிரின்ட்டச் சுத்தி அழுக்குச் சட்டம் விழும்.

பிரஸ் பெட் மேல தகடு, தகட்டு மேல ஈரப் பேப்பர், அதுக்கு மேல ஒரு சாதா பேப்பர், அப்புறம் ஃபெல்ட். ஒரே வேகத்துல நிறுத்தாம சுத்துங்க, நடுவுல நின்னா அங்க ஒரு பட்டை விழும். மை இருக்குற கையால பேப்பரத் தொடாம, ரெண்டு சின்ன அட்டைய மடிச்சு இடுக்கி மாதிரி பிடிச்சுத் தூக்குங்க. எடுத்த பிரின்ட்ட அட்டைங்க நடுவுல போட்டு மேல கனம் வெச்சு, தினம் அட்டைய மாத்தினா கோடையில ஒரு வாரம், மழையில ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும் மை காய.

11. கழிவு

தீர்ந்து போன கரைசல் ரெண்டுலயுமே தாமிரம் இருக்கு. கொல்லைக் கிணத்தடியிலயோ வாய்க்கால்லயோ ஊத்தினீங்கன்னா அது நேரா யாரோ ஒருத்தர் வயலுக்கும் குளத்து மீனுக்கும்தான் போகும். பெரிய பிளாஸ்டிக் வாளில கரைசல ஊத்தி, சலவை சோடாவ கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, நுரைச்சு ஏறும், அதனால வாளில பாதிக்கு மேல வேண்டாம். இனி போட்டாலும் நுரைக்கலன்னு ஆனதும் ரெண்டு நாள் விட்டா மண்டி அடில தங்கிடும். தெளிவு மேல நிக்கும், மண்டிய துணில வடிச்சு காய வெச்சு, கெட்டியா டப்பால அடைச்சு பேரு எழுதி வைங்க. வருஷத்துக்கு ஒரு டப்பா கூட சேராது. அத உங்க ஊராட்சி குப்பை வண்டில சொல்லாம போட்டுடாதீங்க, பக்கத்துல காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல பழக்கம் இருந்தா அவங்க கழிவோட சேத்து எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. தெளிஞ்ச தண்ணி லேசா நீலமா இருந்தா இன்னும் சோடா வேணும்.

12. எடிஷன், ரிஜிஸ்டர், மொத்தச் செலவு

கையெழுத்து பென்சில்லதான், படத்துக்குக் கீழ மார்ஜின்ல. இடது ஓரம் 3/10ங்கிற மாதிரி நம்பர், நடுவுல தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து, வருஷம். உங்களுக்குன்னு வெச்சுக்கிற ரெண்டொரு பிரதிய ஏ/பின்னு (ஆர்டிஸ்ட் புரூஃப்) போடுங்க. ஒரு நோட்டுல ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி தகட்டு அளவு, பேப்பர், மை, எத்தனை பிரதி, எது யாருக்கு எவ்வளவுக்குப் போச்சு எல்லாம் எழுதுங்க, போட்டி, கண்காட்சின்னு விண்ணப்பம் போடும்போது இந்த விவரம் அத்தனையும் கேப்பாங்க, கேலரியும் கேக்கும். வாங்குற சாமானுக்கு பில் வாங்கி அதே நோட்டுல ஒட்டிடுங்க, விலை வைக்கும்போது கை கொடுக்கும்.

பிரஸ்ஸ விட்டுட்டுப் பாத்தா மொத தகட்டுக்கு தாமிரம், பெரிக் குளோரைடு, ரோசின், மை, பத்துத் துண்டு பேப்பர், சில்லறை எல்லாம் சேத்து நாலாயிரத்துல இருந்து அஞ்சாயிரம் வெச்சுக்கங்க, அதுல பாதிக்கு மேல மையும் பேப்பரும். ரெண்டாவது தகட்டுல இருந்து ரொம்பக் குறைஞ்சுடும். நேரம்னு பாத்தா டெஸ்ட் தகட்டுல இருந்து காஞ்ச பிரின்ட் வரைக்கும் வேலைக்குப் போய்க்கிட்டே செய்யறவங்களுக்கு ஒரு மாசம் பிடிக்கும், தை மாசம் ஆரம்பிச்சா பங்குனிக்குள்ள ரெண்டு தகடு முடிக்கலாம்.

பிரின்ட் அனுப்பும்போது சுருட்டாம ரெண்டு பிளைவுட் நடுவுல தட்டையா வெச்சு அனுப்புறது நல்லது. சுருட்டித்தான் ஆகணும்னா நாலு இஞ்ச் பிவிசி பைப், ரெண்டு பக்கமும் மூடி, பிரின்ட் மேல பட்டர் பேப்பர், படம் வெளிப்பக்கம் பாக்கச் சுருட்டணும். ஸ்பீட் போஸ்ட் கவுன்டர்ல பைப்போட நீளத்த மொதல்லயே சொல்லி கட்டணம் கேட்டுட்டு பேக் பண்ணுங்க.